போடியோடு நின்றுபோன தண்டவாளம்

பண்ணைப்புரம் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் உடனே இளையராஜா என்பார்கள். கொஞ்சம் அரசியல் தெரிந்தவர்கள் பாவலர் வரதராசனையும் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த கேள்வி, "அங்க வர ட்ரெயின் இருக்கா?" போடி வரைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வர வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதி மாணவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மதுரையில் கல்லூரி இடம் கிடைத்தும் போகாத ஒரு தங்கை அங்கே இருந்தாள். விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை. தினமும் போய்வரலாமே என்றேன். "மூணு பஸ் மாறணும்க்கா. அங்க மொத மணி அடிக்கிறப்ப நான் உசிலம்பட்டியிலதான் இருப்பேன்" என்றாள். இப்போது கம்பத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

அப்படியானால் ரயில் கேட்போம் என்று நான் சொன்னபோது ஒரு தோழர் சிரித்தார். "அது ஏலக்காய் வியாபாரிங்க கேக்குற கோரிக்கைக்கா, நமக்கும் அதுக்கும் என்ன?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ரயிலின் வரலாறு அப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால்தான் அந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும்.

தேயிலைக்குக் கயிற்றுப்பாதை, ஆளுக்குக் கால்நடை

போடிக்கு ரயில் வருவதற்கு முன்பே மலைமேல் ரயில் வந்துவிட்டது. 1902இல் மூணாறு பக்கம் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியை வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனி ஓட்டியது. 1908இல் அது எஞ்சின் இழுக்கும் சிறிய ரயிலாக மாறியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கயிற்றுப்பாதையில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு வண்டிகளில் போடி வந்து, துறைமுகத்துக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் யார்? கங்காணிகள் கீழ்நாட்டுச் சேரிகளிலிருந்து கூட்டிப்போன நம் மக்கள்தான் அதில் பெரும்பகுதி. பெட்டிக்குக் கயிற்றுப்பாதை போட்டவர்கள் ஆளுக்கு ஒன்றும் போடவில்லை. அவர்கள் மூட்டையும் பிள்ளையுமாக நடந்தே மலையேறினார்கள்.

இன்றைக்கும் விடியலுக்கு முன் தேவாரம், கம்பம், போடிப் பக்கம் நின்று பாருங்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் கவிழ்ந்த செய்தி நமக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளில் நடை ஜீப்பாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வந்த ரயில், போன ரயில்

மதுரை–போடி பாதை 1928இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 90 கிலோமீட்டர். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று வந்து போடியில் முடியும். ஏலக்காய், காப்பி, தேயிலை, பருத்தி ஆகிய சரக்குகள்தான் அந்தப் பாதையைக் கொண்டுவந்தன. வருசநாட்டு மலைக்கும் மேற்கு மலைக்கும் நடுவே தெற்கே நீளும் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் அடுக்கடுக்காக இருந்தும் தண்டவாளம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942இல் பாதை மூடப்பட்டு, தண்டவாளங்கள் பிடுங்கி எடுத்துச் செல்லப்பட்டன. மறுபடி ரயில் ஓட 1950களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் கல்லூரிக்குப் போனது அந்த மீட்டர் கேஜ் ரயிலில்தான். மெதுவாகத்தான் போகும். ஆனால் கட்டணம் பஸ்ஸில் பாதிகூட வராது. கீரைக்கட்டுக்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிற தாத்தா, எங்களைப் போன்ற மாணவர்கள் என்று பெட்டி நிறைந்திருக்கும். 2010 முடிவோடு அகலப்பாதைப் பணிக்காக அதையும் நிறுத்தினார்கள். தேனிக்கு மீண்டும் பயணிகள் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பட்டப்படிப்பை முடித்து வெளியே வருகிற காலத்தைவிடவும் அதிகம் அது. வசதி உள்ளவர்கள் கார் வாங்கிக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்கள் படிப்பையும் வைத்தியத்தையும் குறைத்துக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் சாதி

ரயில் சாதியை உடைக்குமா? 1853இல் மார்க்ஸ் உடைக்கும் என்று எதிர்பார்த்தார். ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதி நிற்கிற பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எழுதினார். தொடக்கக் காலத்தில் சாதிக்கொரு பெட்டி கேட்டவர்களும் உண்டு. கம்பெனிகள் கட்டணத்துக்கு ஏற்பத்தான் பெட்டி பிரித்தன. மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கியவன் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கிராமத்துத் தெருவில் நடக்கவே உரிமை கேட்டுச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்த நாட்டில், இது சின்ன விஷயமல்ல.

ஆனால் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை சொல்கிறது. 1901இல் சிறுவனாக, அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்கினார். ரயில் பயணத்தில் சிக்கல் இல்லை. மஹர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வந்தான். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ஸ்டேஷனும் சும்மா இருக்கவில்லை. ரயில்வே உணவு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம் என்றிருந்தது 1941இல்தான், பெரியாரின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, ஒழிந்தது. தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளும் வேலையை யாருக்கு ரயில்வே கொடுத்துவந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில் சாதிக்கு வெளியே ஓடியது என்று யாரும் நம்ப வேண்டாம்.

ஆனால் நம் சாலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்காகக் கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. 2008இல் சுவர் இடிக்கப்பட்ட உத்தப்புரத்தில், பேருந்து நிழற்குடை ஒன்றுகூட நீண்ட காலம் நிறைவேறாத கோரிக்கையாக இருந்தது.

டவுன் பஸ்ஸில் ஏறும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எந்த நிறுத்தத்தில் ஏறினாய் என்பதே உன் சாதியைச் சொல்லிவிடும். ரயிலிலும் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள், நானே பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட முடிந்தது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் நான் யாரோ ஒரு மாணவி. பதினெட்டு வயதில் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது சேரியில் பிறந்தவர்களுக்குப் புரியும்.

யாருடைய காலை?

2022இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தினசரி ரயிலின் அட்டவணையைப் பாருங்கள். காலை 8.30 மணியளவில் மதுரையில் புறப்பட்டு தேனிக்கு வந்தது. மாலை 6.15 மணிக்குத் தேனியில் புறப்பட்டு மதுரைக்குப் போனது. மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்ப்பவருக்கு இது ஏற்ற நேரம். தேனியிலிருந்து மதுரைக்குப் படிக்கவும், கட்டட வேலைக்கும், பெரியாஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு இதனால் பயனில்லை. போடிக்கு நீட்டியபோதும் காலையில் வருவது, மாலையில் போவது என்ற அதே திசைதான். 1928இல் மூட்டைகளைப் பார்த்துப் பாதை போட்டார்கள். இப்போது நேரம் குறித்தவர்களின் கண்ணிலும் நாம் படவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை ரயில் என்ற கோரிக்கைக்கும் வயதாகிவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறார்கள். பள்ளத்தாக்கின் ஊர்கள் வளர்ந்துகொண்டே போகின்றன, தண்டவாளம் போடியோடு நிற்கிறது.

நாம் கேட்க வேண்டியது

ரயிலை வியாபாரிகள் கேட்கட்டும், தவறில்லை. ஆனால் அவர்கள் கேட்டால் சென்னைக்கு இரவு ரயில் கேட்பார்கள், சரக்குப் பெட்டி கேட்பார்கள். நமக்கு வேண்டியதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று, காலை ஒன்பது மணிக்கு முன் மதுரை சேரும்படி போடியிலிருந்து ஒரு முன்பதிவில்லா ரயில், மாலையில் அதே ரயில் திரும்ப வேண்டும். சீசன் டிக்கெட்டோடு போய்வந்தால் விடுதிக் கட்டணம் என்ற சுவர் பாதி இடியும்.

இரண்டு, அந்த ரயிலுக்கு நேரம் பொருத்தி கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடி ஸ்டேஷனுக்கு டவுன் பஸ். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது காலனி நிறுத்தத்திலும் நிற்க வேண்டும். அம்பேத்கர் மசூரில் மாட்டிக்கொண்டது ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவில்தான் என்பதை மறக்கக் கூடாது.

மூன்று, கம்பம் பாதை. அதன் திட்டம் போடும்போது, எங்கே ஸ்டேஷன் என்ற கேள்வியில் நம் குடியிருப்புகளும் கணக்கில் வர வேண்டும்.

இதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. மாணவத் தோழர்கள் தங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர், எங்கே, எத்தனை மணிக்குப் போகிறார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். இடம் கிடைத்தும் போகாதவர்களையும் எழுதுங்கள், அந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இருக்காது. அதை வைத்து கிராமசபையில், பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் கேட்போம். மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் மனுவாகக் கொடுப்போம்.

துணிக்கடையில் நிற்கிற அந்தத் தங்கையின் பெயர்தான் எங்கள் நோட்டில் முதல் வரி. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஜெய்பீம்!