கோட்டையும் ஃபார்முலாவும்

ஒரே வாரத்தில் இரண்டு காகிதக் கட்டுகள் என் வீட்டு மேசைக்கு வந்தன. இரண்டிலும் நாடு ஒன்றுதான், ஜெர்மனி. முதல் கட்டு எதிர்வீட்டுக்காரருடையது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு பத்து நாள் சுற்றுலா போவதாகத் திட்டம். இரண்டாவது கட்டு மெக்கானிக்கல் முடித்த என் தங்கை மகனுடையது, மேற்படிப்புக்கு. மதுரை அவனியாபுரத்தில் எங்கள் தெருவில் அப்ளிகேஷன் நிரப்பத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. மற்றபடி விமானத்தோடு எங்களுக்கு உள்ள உறவு, தலைக்கு மேலே அது தாழ்ந்து இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்வதுதான்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மருமகன் கேட்டான்: "என்ன மாமா, ரெண்டுலயும் ஒரு ஊர்கூட ஒத்து வரலையே?"

உண்மைதான். சுற்றுலாத் தாளில் பெர்லின், கொலோன் பேராலயம், ஹைடெல்பெர்க் கோட்டை, பிளாக் ஃபாரஸ்ட், கடைசியாக பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. (பிளாக் ஃபாரஸ்ட் என்பது நிஜமாகவே ஒரு காடு என்று தெரிந்தபோது எதிர்வீட்டம்மா வியந்தார். அதுவரை அது பிறந்தநாள் கேக்.) மருமகன் தாளில் மாக்டெபுர்க், இல்மெனாவ், கைசர்ஸ்லாவ்டர்ன், கெம்னிட்ஸ். கெம்னிட்ஸில் சுற்றுலாக்காரர் இறங்கிப் படம் எடுக்கலாம் என்றால் ஏழு மீட்டர் உயர மார்க்ஸ் தலை ஒன்று இருக்கிறது. 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்குக் கார்ல் மார்க்ஸ் நகரம் என்றே பெயர்.

சுற்றுலாத் தாளை முதலில் எடுத்துக்கொண்டேன், வாசிக்கச் சுகமானது அதுதான். கொலோன் பேராலயத்துக்குக் கால்கோள் இட்டது 1248-ல். கட்டி முடித்தது 1880-ல். நடுவில் நூற்றாண்டுக் கணக்கில் வேலை நின்று கிடந்தது. திருமலை நாயக்கர் தொடங்கிய ராய கோபுரம் மொட்டையாகவே நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இதைப் படித்தால் மனசுக்குள் ஏதோ செய்யும். உயரம் 157 மீட்டர். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தைப்போல் மூன்று மடங்கு. நொய்ஷ்வான்ஸ்டைன் கதை வேறு. இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-ல் தனக்காகக் கட்டத் தொடங்கினார். 1886-ல் அவர் இறந்த சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். யார் கண்ணிலும் படாமல் தனித்திருக்க நினைத்த மனிதரின் வீட்டுக்கு இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலே ஆள் வருகிறது.

மருமகன் தாளில் இந்தச் சுகமெல்லாம் கிடையாது, முழுக்க எண்கள். ஆனால் பவேரியா அதிலும் இருந்தது. "மாடிஃபைடு பவேரியன் ஃபார்முலா" என்று பையன்கள் சொல்கிறார்களே, நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுகோலுக்கு மாற்றும் கணக்கு, அதன் வழியாக. உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் எடுத்ததைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு எட்டு வாங்கியவனுக்கு, தேர்ச்சிக் கோடு ஐந்தென்றால், 2.2 வரும். அங்கே எண் குறையக் குறைய மதிப்பு கூடும். 4-ஐத் தாண்டினால் தேர்ச்சி இல்லை. எதிர்வீட்டுக்காரருக்கு பவேரியா என்றால் மலைமேல் கோட்டை, என் மருமகனுக்கு ஒரு பின்னம்.

கட்டணத்தைப் பார்த்தபோதுதான் இரண்டு வரைபடங்களும் ஒன்றையொன்று ஏன் தவிர்க்கின்றன என்பது கொஞ்சம் விளங்கியது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் படிப்புக் கட்டணம் இல்லை என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. பெரும்பாலும் சரி, மாணவர் சேவைகளுக்கும் பேருந்துச் சீட்டுக்குமாக ஒரு சிறு தொகை மட்டும் பருவந்தோறும் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஹைடெல்பெர்க், ஃபிரைபுர்க், டூபிங்கன், கார்ல்ஸ்ரூ எல்லாம் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கின்றன. அந்த மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பிளாக் ஃபாரஸ்டும் அங்கேதான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் நம்மைப் போன்றவர்களிடம் முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 யூரோவும் அதற்கு மேலும் கேட்கிறது. அழகுக்குத்தான் விலை வைக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பெர்லின் இந்தக் கணக்கில் அடங்காது. ஆனாலும் அஞ்சலட்டையில் வரும் ஊர்களை நம் பையன்கள் பலர் ஒதுக்கிவிட்டு, மாக்டெபுர்க்கையும் இல்மெனாவையும் தேடிப் போவதில் ஆச்சரியம் இல்லை.

விசாவில் ஒரு வேடிக்கை. சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, 180 நாளில் 90 நாள் வரைதான் தங்கலாம். இரண்டு வருடம் தங்கப் போகிறவனுடைய விசாவுக்கு 75 யூரோ. மலிவென்று சந்தோஷப்பட வேண்டாம். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை அவன் வாங்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம். 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் ஒரு வருடச் செலவுக்கென்று 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். என் தங்கை வீட்டில் அதற்காக நகை வெளியே போனது. எதிர்வீட்டில் கேட்டது வங்கிக் கணக்கு விவரமும் பயணக் காப்பீடும்.

"டூரிஸ்ட் விசாவுல போய், பல்கலைக்கழகத்தைப் பாத்துட்டு, அப்படியே அங்கேயே சேந்துறலாம்ல?" என்று தங்கை கணவர் கேட்டார். முடியாது. திரும்பி வந்து மாணவர் விசா எடுத்துத்தான் போக வேண்டும். ஆனால் பல்கலைக்கழகம் தேடுவதற்கென்றே, ஒன்பது மாதம் வரை தங்கலாம் என்று தனியாக ஒரு அனுமதி ஜெர்மன் சட்டத்தில் இருக்கிறது. பார்க்கப் போகிறவனும் படிக்கப் போகிறவனும் ஒரே ஆளாக இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

காலண்டரும் ஒத்துப்போகவில்லை. சுற்றுலாக்காரர் மே முதல் செப்டம்பர் வரை போகிறார், நடுக்கோடையில் வெளிச்சம் இரவு ஒன்பது மணிக்கும் இருக்கும். மாணவன் அக்டோபரில், அவர்கள் மூட்டை கட்டும்போது போய் இறங்குகிறான். டிசம்பரில் மாக்டெபுர்க்கில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. சனிக்கிழமை அரிசி வாங்க மறந்தவனுக்கு அது கோட்டையைவிடப் பெரிய விஷயம்.

பார்க்கப் போவதும் தங்கி இருப்பதும் வேறு என்பதை எதிர்வீட்டுக்காரருக்கு விளக்க எனக்கு அவனியாபுரமே உதவியது. தை முதல் நாள் இங்கே ஜல்லிக்கட்டு. மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். கேமராவோடு வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வருவார்கள். வாடிவாசலையும் புழுதியையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் பார்த்தது பொய் அல்ல. ஆனால் மதுரைக் குப்பையெல்லாம் வந்து சேரும் வெள்ளக்கல் கிடங்கும், காற்று திரும்பினால் வரும் வாடையும் அந்தப் படத்தில் இருக்காது. மீதி 364 நாளும் அதோடு இருப்பவர்கள் நாங்கள்.

தங்கிப் பார்த்தவர்களும் உண்டு. கிறிஸ்டோபர் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1976-ல் மீனாட்சி கோயில் பட்டர்களை ஆராய மதுரைக்கு வந்தார். சுற்றுலாக்காரர் கோபுரத்தையும் பொற்றாமரைக் குளத்தையும் பார்க்கிற கோயிலில் அவர் பார்த்தது பட்டர்களின் முறை, உரிமை, வருமானம், பிள்ளைகளின் படிப்பு. 1984-ல் அதைப் பற்றி ஒரு நூல். பிறகும் வந்துகொண்டே இருந்து, 2003-ல் இன்னொன்று.

அதற்காகச் சுற்றுலாத் தாளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. கோட்டைப் படத்தைப் பார்த்து "ஊர் நல்லாருக்கே, இங்கேயே சேரு" என்கிற அப்பாவை நாம் கேலி செய்கிறோம். கட்டணம், 2.2, ஏ.பி.எஸ். என்று மட்டும் பார்த்து ஊரைப் பற்றி ஒரு வரி படிக்காமல் பட்டனை அழுத்தும் பையனை யாரும் கேலி செய்வதில்லை. அவனும் அந்த அப்பாவும் ஒரே ரகம். மருமகனிடம் மாக்டெபுர்க்கில் என்ன விசேஷம் என்று கேட்டேன். "டியூஷன் ஃபீஸ் இல்ல மாமா" என்றான். அவன் விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகத்தின் பெயரே ஓட்டோ ஃபான் கெரிக்கே. இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைக் கட்டி இழுக்கவைத்தாரே, அவர்தான். அந்த ஊர் மேயராகவும் இருந்தவர். அந்தச் சோதனையை இயற்பியலில் படித்திருக்கிறான், ஊரோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் அவனாகவே ஊரின் வரைபடத்தைத் திறந்து, விடுதியிலிருந்து வகுப்புக்கு டிராம் எந்த வழியில் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டுக்காரரின் பேருந்து பெர்லினிலிருந்து கொலோனுக்குப் போகும் நெடுஞ்சாலை மாக்டெபுர்க்கை ஒட்டித்தான் செல்கிறது. நிற்காது. கிளம்பும் முன் மருமகனிடம் சொல்லிவிட்டுப் போனார், "போர்டு கண்ணுல பட்டா எடுத்து அனுப்புறேன் தம்பி" என்று. ஆறாம் நாள் வந்தது: ஓடும் பேருந்தின் கண்ணாடி வழியே எடுத்த நீலப் பலகை, பாதி எழுத்து கலங்கலாக, ஓரத்தில் அவர் மனைவியின் தோள். மருமகன் அதைத் தன் கைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறான்.