நடந்து வரைந்த கோடு

நிலக்காட்சி ஓவியர்கள் நெடுங்காலமாக நடந்தே இயற்கையைக் கற்றிருக்கிறார்கள். குன்றையும் ஆற்றையும் கண்டு, குறிப்பேட்டில் பதித்து, வீடு திரும்பி வண்ணம் தீட்டினார்கள். நடை அவர்களுக்கு ஓவியத்தின் முன்னுரை. அந்த முன்னுரையையே நூலாக்கியவர் ரிச்சர்ட் லாங் என்னும் ஆங்கிலேயக் கலைஞர்.

1945-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் பிறந்த லாங், 1967-இல் லண்டனில் கலை பயிலும் மாணவர். ஒருநாள் வாட்டர்லூ நிலையத்தில் தொடர்வண்டி ஏறினார். நகரைக் கடந்து இறங்கி, ஒரு புல்வெளியை அடைந்தார். அங்கே நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்தார். மிதிபட்டுப் படிந்த புல் வெயிலில் தனித்து ஒளிர்ந்தது. அந்தக் கோட்டைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். அவ்வளவுதான் படைப்பு!

பின்னர் 1972-இல் பெரு நாட்டிலும், 1975-இல் இமயமலையிலும் கோடுகள் இட்டார். செல்லும் வழியில் கிடந்த கற்களை வட்டமாகவோ வரிசையாகவோ அடுக்கிவிட்டு நடந்தார். ஏவன் ஆற்றுச் சேற்றைக் கையில் தோய்த்து, காட்சிக்கூடச் சுவர்களில் பெருவட்டங்கள் தீட்டினார். தூரிகை இல்லை, விரல்களே தூரிகை. 1989-இல் அவருக்கு டர்னர் பரிசு கிடைத்தது. அப்பரிசுக்குப் பெயர் தந்த டர்னரும் ஊர் ஊராக நடந்து நிலக்காட்சி தீட்டியவரே என்பது எண்ணத்தக்கது.

மிதித்த புல் நிமிர்ந்துவிடும். அடுக்கிய கல் சரிந்துவிடும். மலைகளைக் குடைந்தும் ஆறுகளை மறித்தும் தன் பெயரை மண்ணில் பொறிக்கத் துடித்த ஒரு நூற்றாண்டில், மண் தன் காயத்தை ஆற்றிக்கொள்ள இடம் விட்டு ஒருவர் நடந்தார்.

ஆனால், ஒன்றை மறைக்கலாகாது. அவர் புகைப்படம் எடுத்தார். அது இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அப்படம் இல்லையேல் அந்தக் கோட்டை நாம் அறிந்திருக்க மாட்டோம். சுவடின்றிச் செல்ல விரும்புபவருக்கும் யாரேனும் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது. அது குற்றமா? நான் அப்படி எண்ணவில்லை. அது மனிதம்.

ஒற்றையடிப் பாதைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றை இட்டவர்களின் பெயர் எங்கும் இல்லை, படமும் இல்லை. எனினும் பின்வருவோர் வழி தவறுவதில்லை. நம் நடையும் அத்தகைய கோடு ஒன்றை விட்டுச் செல்லுமாயின், அதுவே போதும்.