இரு பருவங்கள்: பழனிமலையில் மாணவர் வடிவமைப்புத் திட்டம்

பொறியியல் கல்லூரியில் பருவம் என்றால் செமஸ்டர். மலையில் பருவம் என்றால் மழை, பனி, அறுவடை. தொழில் நிறுவனம் ஒன்றின் ஆதரவோடு பழனிமலைத் தொடரில் செய்யப்படும் மாணவர் வடிவமைப்புத் திட்டம் இவ்விரண்டையும் பொருத்தியாக வேண்டும். புரவலர் தரும் பணத்தைவிட இந்தப் பொருத்தமே திட்டத்தின் தரத்தை முடிவு செய்கிறது.

முதல் வேலை, புரவலரின் விருப்பத்தை அளவாக மாற்றுவது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் புகையூட்டிப் பாதுகாப்பது அங்குள்ள வழக்கம். அந்தப் பூண்டுக்கு ‘நல்ல உலர்த்தி வேண்டும்’ என்ற புரவலரின் கோரிக்கையை மட்டும் வைத்து எதையும் வடிவமைக்க இயலாது. ஒரு முறைக்கு எத்தனை கிலோ, எத்தனை நாளில் எவ்வளவு ஈரம் குறைய வேண்டும், விறகா மின்சாரமா, வண்டி போகாத அடுக்கு வயலுக்கு இருவர் தூக்கிச் செல்லக்கூடிய எடை என்ன என்பனவெல்லாம் தெரிந்தாக வேண்டும். விடை பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு போடுகிறவர்களிடம் இருக்கிறது. திட்டத்தின் தொடக்க மதிப்பாய்வான சீரோத் ரிவியூவுக்கு முன்பே மாணவர்கள் அங்கே போய்வந்திருக்க வேண்டும்.

அடுத்தது காலம். முழுநேர ப்ராஜெக்ட் பெரும்பாலும் எட்டாம் பருவத்துக்கு உரியது. ஜனவரி வாக்கில் தொடங்கி ஏப்ரல், மே மாதங்களில் வைவா எனும் வாய்மொழித் தேர்வோடு முடியும். கொடைக்கானலில் மழை வலுப்பதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மலைச்சாலை மண்சரிவை முன்கூட்டி உணர்த்தும் கருவியை ஒரு நிறுவனம் கேட்பதாகக் கொள்ளலாம். 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயல் இம்மலையில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்ததைக் கண்டவர்கள் அந்தத் தேவையை மறுக்கமாட்டார்கள். ஆனால் ஜனவரியில் தொடங்கும் குழு, மண் காயும் மாதங்களில்தான் கருவியைச் சோதிக்கும். ஆய்வுக்கூடத்தில் வாளித் தண்ணீர் ஊற்றிப் பெறும் அளவீடு, சரிவில் நாள்கணக்கில் ஊறும் நீருக்கு ஈடாகாது. ஆகவே ஆறாம் பருவத்திலேயே சிக்கலை வரையறுத்து, செப்டம்பர் முடிவுக்குள் முதல் மாதிரியைக் களத்தில் நிறுத்தி, மழைக்காலத் தரவோடு எட்டாம் பருவத்துக்குள் நுழைவதே சரியான முறை. அனுமதிக்கும் நாள் ஒதுக்க வேண்டும்: 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் கருவி நிறுவ வனத்துறையின் ஒப்புதல் தேவை.

ஒரு பருவத்தைத் தாண்டி நீளும் திட்டம் புதிதன்று. அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி 1963-ல் தொடங்கிய ‘கிளினிக்’ முறை, புரவலரின் ஒரே சிக்கலுக்கு முழுக் கல்வியாண்டையும் தருகிறது. ஓராண்டும் போதாத வேலைக்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான அனுசாட், இஸ்ரோவின் ஆதரவோடு அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவானது. சுமார் 40 கிலோ எடையுள்ள அது, 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ஏவுகலத்தில் விண்ணேறியது. இஸ்ரோ தனியார் நிறுவனம் அன்று. எனினும் எடை, அதிர்வுச் சோதனை, ஏவும் நாள் ஆகியவற்றில் புரவலருக்குரிய கண்டிப்பு முழுவதும் அங்கே இருந்தது. வேலை பல ஆண்டுகள் நீண்டது. இத்தகைய பணியில் தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். புதியவர்கள் முந்தைய குழுவின் குறிப்பேட்டிலிருந்துதான் தொடர முடியும். மலைத்திட்டமும் ஒரு மழைக்காலத்தோடு முடிவதில்லை. தோற்றுப்போன மாதிரியின் வரைபடமும், அது ஏன் தோற்றது என்ற பதிவும் இளைய குழுவுக்குக் கிடைக்கும்படி வைவா மதிப்பெண்ணிலேயே அதற்கு இடம் தருவது நல்லது.

கடைசியாக ஒப்பந்தம். காப்புரிமை யாருக்கு, அறிக்கையில் எதை வெளியிடலாம் என்பவற்றோடு கழிவைப் பற்றியும் அதில் எழுத வேண்டும். கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் வியாபாரியிடம் போய்ச்சேர்ந்தது அம்பலமான பின்பே அது நடந்தது. பாதரசப் பாதிப்பு தொடர்பாக முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் ஏற்பட்டது. அந்த மலையில், வணிக ரகசியம் என்ற பெயரில் பாதுகாப்பு குறித்த அளவீட்டை மறைக்கச் சொல்லும் நிபந்தனை எதையும் கல்லூரி ஏற்கக் கூடாது. பயன் தீர்ந்த பேட்டரியையும் உடைந்த சென்சாரையும் மலையிலிருந்து கீழே இறக்கும் செலவும் பொறுப்பும் யாருடையவை என்பது, புரவலரின் முதல் தவணை வரும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.