அமைதிக்கால அனுமதியும் அனர்த்தக்காலச் செய்தியும்: பயில்முறை வானொலிச் சங்கங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைப் பெருவெள்ளம் மூடியது. தந்திக் கம்பங்கள் சாய்ந்தன. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. கொலம்பஸ் நகரிலுள்ள ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும், அயல் மாநிலத்தில் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்திலும் கம்பியில்லாத் தந்தியைப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஆர்வலர்கள், துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கும் வெளியுலகுக்குமிடையே செய்திகளைக் கடத்தினர். அனர்த்தமொன்றிலே பயில்முறை வானொலி பயன்பட்டமைக்கு அறியப்பட்ட முதற் சான்றாக இதனைக் கொள்வர். வெள்ளம் வருமென்று எண்ணி நிலையம் அமைத்தவர் அவர்களுள் எவருமிலர். ஊதியமின்றி, தொழில் நோக்கின்றி, கருவியின் மீதுள்ள விருப்பினால் மட்டும் வானலையிற் பேசப் பழகியவர்கள் அவர்கள். பின்னாளில் ‘ஹாம்’ என்ற பெயராற் சுட்டப்பட்ட கூட்டம் இதுவேயாகும்.

ஆயின் அரசு இக்கூட்டத்தை ஐயக்கண் கொண்டே நோக்கிற்று. 1912இல் டைற்றானிக் கப்பல் மூழ்கிய சில மாதங்களுள் இயற்றப்பட்ட அமெரிக்க வானொலிச் சட்டம், கப்பற் செய்திகளுக்கு இடையூறு விளையாதவாறு, பயில்முறையாளரை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கிவைத்தது. அக்காலப் பொறியியலாளர் அவற்றைத் தொலைத்தொடர்புக்கு உதவாதவை என்றே கருதினர். எவருக்கும் வேண்டாத நிலமென்று கொடுக்கப்பட்ட அவ்வலைகளே உலகைச் சுற்றவல்ல சிற்றலைகள் என்பது பின்னரே புலனாயிற்று. 1923 நவெம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லெயோன் டெலோய் சுமார் 110 மீற்றர் அலைநீளத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்கப் பயில்முறையாளருடன் இருவழித் தொடர்பு கொண்டார். மறு ஆண்டு ஒக்டோபரில் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லுடன் தொடர்புகொண்டவர் இலண்டன் மில் ஹில் பாடசாலை மாணவரான செசில் கொய்டர் ஆவார். அயன மண்டலம் சிற்றலையைத் தெறித்துப் பூமிக்குத் திருப்புவதே இதற்குக் காரணம். இடையில் கோபுரமோ கம்பியோ வேண்டியதில்லை. 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குச் சுமார் 20 மீற்றர் நீளமான கம்பியொன்றும் மோட்டார் வாகனப் பற்றரியொன்றும் போதும். அனர்த்தக் காலத்தில் இச்சாதனம் பெறும் மதிப்பு இவ்வெளிமையினின்றே பிறப்பது.

கருவி மட்டும் போதாது, சங்கமும் வேண்டும். ஹாட்போட் நகரிலிருந்த ஹைரம் பேர்சி மாக்சிம், சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தம் செய்தி எட்டாதபோது இடைவழியிலிருந்த வேறொருவர் மூலம் அதனை அனுப்பிவைத்தார். அந்நிகழ்ச்சியே 1914இல் அமெரிக்க வானொலி அஞ்சற் கழகம் தோன்றத் தூண்டுகோலாயிற்று. கைமாறிச் செல்லும் செய்தி சிதையாதிருக்கச் சொற்களை எண்ணிக் குறித்தனர். பலர் கூடும் அலைவரிசையில் ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆணைக்கு ஏனையோர் அமைந்து, அழைக்கப்பட்டபோது மட்டும் பேசினர். பேசுவதிலும் பேசாதிருப்பதே கடினமான பயிற்சி என்பதை இத்துறையிற் பழகியோர் அறிவர்.

போர் வந்தபோது இவையனைத்தும் ஒரே ஆணையால் அடங்கின. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் பயில்முறை நிலையங்கள் மூடப்பட்டன. கேட்கும் கருவிகளைக்கூடக் கழற்றிவைக்குமாறு பணிக்கப்பட்டது. 1939இல் பிரித்தானியாவிலும் அனுமதிகள் மீளப்பெறப்பட்டு, சாதனங்கள் கையகப்படுத்தப்பட்டன. அதே பிரித்தானிய அரசு, ஜேர்மன் உளவுச் செய்திகளைச் செவிமடுக்கத் தேர்ந்த காதுகளைத் தேடியபோது இப்பயில்முறையாளரையே இரகசியமாக அழைத்துக்கொண்டமை நகைப்புக்குரியதொரு முரணாகும்.

இலங்கையில் இவ்வார்வம் அரசாங்கத் திணைக்களத்தின் உள்ளிருந்தே கிளைத்தது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு 1923இல் பரிசோதனை ஒலிபரப்பை நடாத்தினார். இலங்கைக் கம்பியில்லாத் தந்திக் கழகத்தையும் நிறுவினார். நாட்டின் ஒலிபரப்பு வரலாற்றை எழுதுவோர் அவரை மறப்பதில்லை. கழகத்தைப் பற்றியோ பெரும்பாலும் ஒரு வரியுடன் நிறுத்திவிடுவர். பின்வந்த இலங்கை வானொலிச் சங்கத்தின் பணி 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோளின்போதே பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அம்பாந்தோட்டையின் தொடர்புகள் அறுந்திருந்த நிலையில், விக்டர் குணதிலக்க தலைமையிலான அச்சங்கத்தினர் அங்கு சென்று சிற்றலை நிலையமமைத்து, கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்திலிருந்த நிலையத்துடன் அம்மாவட்டத்தை இணைத்தனர்.

அதேநாளில் அந்தமானில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அத்தீவுகளிற் பயில்முறை வானொலி இயக்குவதற்கு இந்திய அரசு பல ஆண்டுகளாக இடமளிக்கவில்லை. நீண்ட முயற்சியின் பின் அனுமதி பெற்று, ஹைதராபாத்தின் தேசியப் பயில்முறை வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் அம்மாதத் தொடக்கத்தில் போர்ட் பிளேயர் சென்றிருந்தனர். அவர்கள் நாடியது தொலைநாட்டு ஆர்வலருடன் தொடர்புகொள்ளும் பொழுதுபோக்கை மட்டுமே. பூகம்பத்தின் பின் விடுதியிலிருந்த அவர்களின் நிலையம், தீவுகளிலிருந்தோரின் நலச்செய்தியைப் பெருநிலப்பரப்பிலுள்ள உறவினருக்குக் கடத்தும் வாயிலாயிற்று. அனுமதி ஒரு மாதம் பிந்தியிருப்பின் அந்நிலையம் அங்கிருந்திராது.

அனர்த்தம் புதிய இயக்குநரை உருவாக்குவதில்லை. அமைதிக்காலத்தில் எங்கு அனுமதியும் பயிற்சியும் இருந்தனவோ, அங்கிருந்தே அவர்கள் புறப்படுகின்றனர். 30,000க்கும் மேற்பட்டோர் மாண்ட இந்நாட்டில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கொழும்பிலிருந்து ஒரு குழு தெற்கே சென்று சேர்வதற்கும், கல்முனையிலோ முல்லைத்தீவிலோ உள்ளூரார் கையில் ஒரு நிலையம் முன்னரே இருப்பதற்கும் இடையிலான வேற்றுமை மணித்தியாலங்களால் அளக்கப்படுவது. போர்க்காலக் கரையோரத்தில் வானலைக் கருவியொன்றை வைத்திருப்பது எத்தகைய ஐயத்துக்கு இடமளித்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உலக அரங்கிலும் சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. தந்தித் திணைக்களங்களின் வருவாய் குன்றாதிருக்க, மூன்றாந் தரப்பினரின் செய்திகளைப் பயில்முறையாளர் நாடு கடந்து அனுப்புவதைப் பழைய விதிகள் பொதுவாகத் தடுத்தன. அனர்த்தக் காலங்களில் அதற்கு வெளிப்படையாக இடமளிக்கும் திருத்தம் 2003இல் ஜெனீவாவிற் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் ஏற்கப்பட்டது. அனர்த்த நிவாரணத்துக்கான தொலைத்தொடர்புச் சாதனங்கள் எல்லை கடந்து செல்வதை எளிதாக்கும் தம்பெரே உடன்படிக்கை 1998இல் நிறைவேறியது. போதிய நாடுகளின் ஒப்புதல் கிடைத்து அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8ஆம் நாள். கடற்கோள் நிகழ்ந்து 13 நாட்களின் பின்.