ஹென்றி இர்வின் (1841–1922)

சென்னை மாகாண அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய ஐரிஷ்காரர். சென்னை உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம், மைசூர் அரண்மனை ஆகிய மூன்றும் இன்றளவும் இவர் பெயரைச் சொல்பவை. தலைமன்னாரில் கப்பலேறிச் சென்னைக்குப் போன மன்னார்க்காரர் பலருக்கு அந்நகரின் முதல் முகமாக அமைந்தது, இவற்றுள் எழும்பூர் நிலையமே.

இர்வினுக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பெரிய வேலை, சிம்லாவின் வைசிராய் மாளிகை. 1888இல் டஃபரின் பிரபு குடிபுகுந்த அந்தச் சாம்பல் நிறக் கல்மாளிகையில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பழைய வளமனைகளின் சாயலே மிகுதி. சென்னைக்கு வந்தபின் செங்கல், குவிமாடம், வளைவு, மினார் என அவருடைய கை வேறு திசையில் திரும்பியது. இந்தோ-சாரசனிக் எனப்படும் இப்பாணிக்கு இங்கே வழி திறந்தவர் ராபர்ட் சிஷோம். இர்வின் அவ்வழியில் பின்னால் வந்தவர்தாம். ஆயினும் பெரும் பரப்பைச் சிதறாமல் கட்டியாளும் திறத்தில் முன்னவரை விஞ்சினார்.

உயர் நீதிமன்றத்தின் வரைபடத்தைத் தொடங்கியவர் ஜே. டபிள்யூ. பிராசிங்டன். அதைத் திருத்தி வளர்த்து, ஜே. எச். ஸ்டீஃபன்ஸின் துணையோடு முடித்தவர் இர்வின். 1892 ஜூலை 12 அன்று திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் மிக உயர்ந்த கோபுரம், 1894 முதல் 1977 வரை கடலோடிகளுக்குக் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. நீதிமன்றத்தின் உச்சியில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு எரிந்த ஊர்கள் உலகில் அதிகம் இரா.

கன்னிமாரா நூலகம் (1896), சட்டக் கல்லூரி (1899), பதேப்பூர் சிக்ரியை நினைவூட்டும் விக்டோரியா நினைவு மண்டபம் (1909) ஆகியவையும் இர்வினின் வடிவமைப்புகளே. இவற்றையும் உயர் நீதிமன்றத்தையும் ஒப்பந்தம் எடுத்துக் கட்டி எழுப்பியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். காகிதத்தில் இருந்த வளைவு விழாமல் நின்றது அவருடைய கொத்தனார்களின் கைத்திறத்தால். இர்வினைப் பற்றிய எந்தக் குறிப்பும் செட்டியாரை விட்டுவிடக் கூடாது.

1897இல், அரச குடும்பத்துத் திருமணத்தின்போது மைசூரின் பழைய மர அரண்மனை தீக்கு இரையானது. மகன் சிறுவனாக இருந்ததால் ஆட்சியைக் கவனித்துவந்த மகாராணி, புதிய அரண்மனைப் பொறுப்பை இர்வினிடம் தந்தார். 1912இல் முடிந்த பணிக்கு ஆன செலவு 41 லட்சம் ரூபாய்க்கு மேல். எரிந்துபோன நினைவு மாறாத குடும்பத்துக்குக் கல், செங்கல், இரும்பு என எளிதில் தீப்பற்றாத பொருள்களாலேயே அவர் கட்டினார். எண்கோணக் கல்யாண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. மேலே வண்ணக் கண்ணாடி விதானத்தில் மயில்கள். வெள்ளைக்காரர் வரைந்த வீடு என்ற எண்ணமே எழாதபடி, தசராக் கொலுவுக்கு அது இயல்பாகப் பொருந்திவிட்டது. அவர் வாழ்நாளின் உச்சம் இதுவே.

எழும்பூர் நிலையத்தை ஈ. சி. எச். பேர்டுடன் சேர்ந்து வரைந்தார். பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை 1905இல் தொடங்கிய கட்டுமானம், 1908 ஜூன் 11 அன்று திறப்புவிழா கண்டது. தென்னிந்திய ரயில்வேயின் தலைவாசலாக விளங்கிய இந்நிலையத்தில் மோட்டார் வண்டிகள் நடைமேடை ஓரம் வரை வர முடிந்தது. மூட்டை முடிச்சோடு நெடும்பயணம் போனோருக்கு அது பெரிய உதவி. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், இங்கிருந்து அதுவரை தூத்துக்குடி வழியாகக் கொழும்பை எட்டிய 'போட் மெயில்' ரயில்-கப்பல் பயணம் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து நீராவிக் கப்பல், தலைமன்னார் பியர், பிறகு மதவாச்சி வழியாகக் கொழும்புக் கோட்டை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களில் அதுவும் நின்றது.

இவ்வழியில் ஓடிய 'இர்வின்' என்ற கப்பலைக் கட்டடக் கலைஞரோடு இணைத்துப் பார்ப்பது பிழை. அது 1926 முதல் 1931 வரை வைசிராயாக இருந்த இர்வின் பிரபுவின் பெயர். கூட ஓடிய 'கோஷன்' சென்னை ஆளுநரின் பெயர்.