கோட்டையூர் நூலகம்: பிரித்து விற்கப்படாத ஒரு தொகுப்பின் வரலாறு

அரிய நூல் வணிகத்தில் ஒரு புத்தகத்தின் விலையைத் தீர்மானிப்பவை சில அடையாளங்களே. அது முதற்பதிப்பா, ஆசிரியரின் கையொப்பம் உள்ளதா, ஓவியங்கள் முழுமையாக இருக்கின்றனவா, மேலட்டை கிழியாமல் இருக்கிறதா என்பவை முதலில் பார்க்கப்படுகின்றன. இந்த அளவுகோல்கள் தவறானவை அல்ல. ஆனால் இவற்றைக் கொண்டு மட்டுமே பழந்தாள்களை மதிப்பிட்டிருந்தால், தமிழ் அச்சுப் பண்பாட்டின் பெரும்பகுதி இன்று நம்மிடம் இருந்திராது. விலையற்றவை எனத் தள்ளப்பட்டவற்றையும் சேர்த்து வைத்த ஒரு மனிதரின் நூலகமும், அவருக்குப் பின் அது விற்கப்பட்ட முறையும் இதற்குச் சான்றாகும்.

சிவகங்கை மாவட்டம் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகத் தேட்டம் அவருக்குத் தொழிலன்று, பெருஞ்செல்வத்தின் பொழுதுபோக்குமன்று. 1950ஆம் ஆண்டளவில் தொடங்கி, 1992இல் மறையும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் இடைவிடாது சேகரித்தார். நூல்களும் பிற அச்சுப் பொருள்களுமாக ஏறக்குறைய 1 லட்சம் உருப்படிகள் அவர் வீட்டில் சேர்ந்தன. இலக்கியம், சித்த மருத்துவம், சமயம், நாட்டார் பாடல் ஆகிய துறைகளின் நூல்களோடு நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள், நிழற்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவையும் அங்கே இடம்பெற்றன. நூலகர்கள் நூல் என்று கொள்ளாததையும் அவர் ஆவணம் என்று கொண்டார்.

இதன் முக்கியத்துவத்தை உணர, அச்சு வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் தமிழ் அச்சு விரிந்து பரவியது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என விதித்தது. அதன் பயனாகப் பல தமிழ் நூல்கள் இலண்டன் வரை சென்று சேர்ந்தன. எனினும் ஒரு சட்டம் நூல் என வரையறுப்பதையே அதன் வழியே உருவாகும் நூலகமும் காக்கும். ஒற்றைத்தாள் விளம்பரத்தையும், ஓர் இரவு நாடகத்துக்கான நோட்டீசையும், சுபகாரிய அழைப்பையும் எந்த அதிகாரியும் பேணவில்லை. அவற்றைப் பேண ஒரு தனிமனிதப் பித்து தேவைப்பட்டது.

அந்தப் பித்துக்கு உணவளித்தது பழைய புத்தகச் சந்தை. சென்னையில் மூர் மார்க்கெட், 1985ஆம் ஆண்டுத் தீயில் அழியும் வரை, சேகரிப்பாளர்களின் சுரங்கமாக இருந்தது. பெங்களூரில் அவென்யூ சாலைக் கடைகளும், 1945இல் கே.பி.கே. ராவ் தொடங்கிய செலக்ட் புத்தகக் கடையும் அத்தகைய பணியைச் செய்தன. பழைய புத்தக வணிகரை வெறும் இடைத்தரகராகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. எடைக்குப் போகவிருந்த மூட்டையிலிருந்து ஒரு நூலை உருவி எடுத்து, அதற்கொரு விலையைச் சொல்லி, அதன்மூலம் அதைக் காத்தவர் அவரே.

சந்தையின் பார்வை காலப்போக்கில் மாறுவதும் உண்டு. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை, மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் பிரித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து வைத்த இல்லங்கள் பல. கோபுலுவின் ஓவியங்களோடு விகடனில் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கும் அதே மரியாதை கிடைத்தது. வாசகர்கள் தம் வீட்டிலேயே உருவாக்கிய இந்தத் தொகுதிகள், அச்சில் வந்த நூற்பதிப்புகளைவிட இன்று அதிகம் தேடப்படுகின்றன. அன்று அவற்றைத் தைத்து வைத்தவர்கள் விலையை எண்ணித் தைக்கவில்லை.

1992இல் முத்தையா மறைந்தபோது அத்தொகுப்பின் முன் எழுந்த கேள்வி கடுமையானது. செட்டிநாட்டில் அதற்கு விடை ஒன்று முன்பே நடைமுறையில் இருந்தது. பங்காளிகள் பிரிந்து போன பெரிய வீடுகளின் கதவுகளும், தேக்குத் தூண்களும், பீங்கான் சாமான்களும் தனித்தனியே விலைபோய், காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கப்பட்டன. தூண் தூணாகவே எங்கோ ஒரு விடுதியில் நிற்கிறது; ஆனால் அது தாங்கிய வீடு இல்லை. நூலகமும் அவ்வாறே பிரிந்திருக்கலாம். முதற்பதிப்புகளை ஒருவரும், ஓவிய இதழ்களை இன்னொருவரும் வாங்கியிருப்பர். நோட்டீசுகளும் அழைப்பிதழ்களும் பழைய தாள் வியாபாரிக்குப் போயிருக்கும். மரபுரிமையாளர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கரையானும் ஈரமும் ஆண்டு முழுதும் உழைக்கும் ஊரில், 1 லட்சம் உருப்படிகளைப் பேணுவது ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறிய சுமை.

1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை முழுமையாக விலைக்கு வாங்கியது. இம்முயற்சியில் அப்பல்கலைக்கழகத்தின் தெற்காசியத் துறை நூலகர் ஜேம்ஸ் நைக்குப் பெரும்பங்கு உண்டு. கொள்முதலைவிட முக்கியமானது அதற்கடுத்த முடிவு: தொகுப்பு கடல் கடக்கவில்லை. அது சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, மொழி அறக்கட்டளையின் ஒத்துழைப்போடு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. 1996இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூலகம், முகப்பேரில் தொடங்கிப் பின்னர் தரமணிக்கு இடம்பெயர்ந்தது. மூலங்கள் தமிழ்நாட்டிலேயே தங்கின. நுண்படச்சுருள்களில் எடுக்கப்பட்ட படிகள் சிகாகோ சென்றன. காலனிய காலத்தில் மூலம் அயல்நாட்டிலும் ஏக்கம் உள்ளூரிலும் தங்கிய வழக்கம் இங்கே தலைகீழானது.

இதில் ஒரு முள்ளும் உண்டு. தமிழர் ஒருவர் தமிழ்நாட்டில் சேர்த்த தமிழ் அச்சுச் செல்வத்தை வாங்க அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று முன்வர வேண்டியிருந்தது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அயலார் வாங்கினர் என்பதோடு நின்றுவிடும் வருத்தம், முழுமையாக வாங்கினர், வாங்கியதை இங்கேயே வைத்தனர் என்னும் மற்ற இரு உண்மைகளைக் காணத் தவறுகிறது. படியெடுப்பின் அருமையைத் தமிழுலகம் பெரும் விலை கொடுத்தே அறிந்திருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் போயின.

விலையற்ற தாள்களால் என்ன பயன் என்ற வினாவுக்கு ஆய்வுலகம் விடை சொல்லியிருக்கிறது. பின்னாளில் இதே நூலகத்தின் இயக்குநராகப் பணியாற்றிய சு. தியடோர் பாஸ்கரன், நாடகமும் பாட்டும் திரைப்படமும் விடுதலை இயக்கச் செய்தியைச் சுமந்த வரலாற்றை 1981இல் வெளியான தம் ஆங்கில நூலில் எழுதினார். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கிய’த்தில் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களின் உலகை மீட்டுத் தந்தார். கொலை வழக்கு, இரயில் விபத்து, தேசியத் தலைவர் கைது என அன்றாடத்தைப் பாடி, மட்டமான தாளில் அச்சாகித் தெருவில் விற்ற நூல்கள் அவை. கையொப்பமிட்ட முதற்பதிப்பு ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேசும். இத்தகைய தாள்களோ, வாங்கியவர், பார்த்தவர், பாடியவர் என ஒரு சமூகத்தைப் பற்றிப் பேசும். அவை ஒன்றன் அருகில் ஒன்றாக இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு கேட்கும்.

இன்று அதே கேள்வி ஊர் கடந்து வந்திருக்கிறது. சேலத்திலும் மதுரையிலும் காரைக்குடியிலும் உள்ள பூர்வீக வீடுகள் கைமாறுகின்றன. அவற்றின் அலமாரிகள் பெங்களூரின் பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில் உள்ள இரண்டு படுக்கையறைக் குடியிருப்புகளுக்குள் அடங்குவதில்லை. தாத்தாவின் பைண்டு புத்தகங்களில் ஓரிரண்டு மட்டும் வந்து சேர, மற்றவை எடைக்குப் போகின்றன.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது எவராலும் இயலாது. விற்பது குற்றமும் அன்று. ஆனால் விற்கும் முன் செய்யத்தக்கவை சில உள்ளன. பெட்டியில் இருப்பவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதலாம். அவை யார் சேர்த்தவை, எந்த ஊரில் சேர்ந்தவை எனக் குறித்து வைக்கலாம். நூல்களுக்கிடையே செருகியிருக்கும் நோட்டீசையும் அழைப்பிதழையும் உதறிவிடாமல் அவை இருந்த இடத்திலேயே விடலாம். வணிகரை அழைக்கும் முன் ஒரு நூலகத்தையும் விசாரிக்கலாம். கோட்டையூர்த் தொகுப்பு தப்பியது, பிரிந்து போகும் முன் அதை முழுமையாகக் காணச் சிலர் இருந்ததால்தான்.