மாணவரை ஆற்றுப்படுத்தும் பணி – ஒரு வரலாற்று நோக்கு



இந்த யூபிலி மலரில் நமது கோயில் எழுந்த வரலாற்றைப் பிறர் எழுதுகின்றனர். நாம் நம் பிள்ளைகளைப் பற்றிய வேறொரு வரலாற்றைக் கூற விழைகிறோம்.

பள்ளிகளில் 'கவுன்சலிங்' என வழங்கும் பணியைத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். ஆறு என்றால் வழி. பரிசு பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் உரைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. எனவே, நடந்தவன் நடப்பவனுக்குத் துணை நிற்பது தமிழருக்குப் புதிதன்று.

திருச்சபைக்கும் புதிதன்று. 1841 டிசம்பர் 8 அன்று துரின் நகரில், பூசை உதவி செய்யத் தெரியாத அனாதைச் சிறுவன் ஒருவனைக் கோயில் பணியாளர் அடித்து விரட்டினார். இளங்குருவான தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. சீட்டியடிக்கத் தெரியுமா? சிறுவன் சிரித்தான்! அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்று தூண்கள்மேல் அப்புனிதர் தம் கல்வி முறையை எழுப்பினார். அவருடைய சபையினர் 1906-இல் தஞ்சைக்கு வந்தனர். 1935 முதல் 1965 வரை சென்னைப் பேராயராயிருந்த லூயி மத்தியாஸ் ஆண்டகையும் அச்சபையினரே.

1908-இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் இளைஞருக்கான தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். நம் நாட்டில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான கல்விக் குழு (1952–53) பள்ளிகளில் வழிகாட்டுநர் வேண்டும் என்றது. கோத்தாரி குழு (1964–66) பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகரையேனும் கேட்டது. 1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கமும், உளவியலின் துணையோடு சிறுவரை வளர்க்குமாறு பணித்தது. சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கென 1986-இல் 'சிநேகா' தோன்றியது. பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது.

இப்பணியால் படிப்பு உயருமா என்று பெற்றோர் வினவலாம். உணர்வுகளை ஆளவும் பிறரோடு இணங்கி வாழவும் பயிற்றிய 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்து, 2011-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவற்றில் 2,70,034 மாணவர் பங்குபெற்றனர். நூறு பேர் வரிசையில் சராசரி மாணவன் பதினொரு இடம் முன்னேறினான் என அது காட்டிற்று. கலங்கிய மனத்தில் பாடம் தங்காது. கலக்கம் தெளிந்தால் தங்கும்.

நமது காட்டுப்பள்ளிக் கரையில் கப்பல் தளமும் துறைமுகமும் எழுந்தபோது மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பெற்றோரின் கவலை பிள்ளைகளின் புத்தகப் பையிலும் ஏறிக்கொண்டது. இங்கு நமது குறையொன்றையும் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் தவறிய ஒரு பையனை அவன் தாயார் நம்மிடம் அழைத்து வந்தார். மதிப்பெண்ணைப் பார்த்தோம், கடிந்துகொண்டோம், செபிக்கச் சொல்லி அனுப்பினோம். துணைத்தேர்வு எழுதலாம் என்பதைக்கூடச் சொல்லவில்லை. அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை, ஒப்பந்தக் கூலியானான். தகப்பன் நோயுற்றதால் விடியுமுன் வலைக்குப் போய்விட்டு, அவன் வகுப்பில் உறங்கினான் என்பதைப் பின்னரே அறிந்தோம். "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று நாம் கேட்கவேயில்லை.

ஆற்றுப்படுத்துதலின் தொடக்கம் அந்தக் கேள்விதான். புத்திமதிக்கு முன் செவிமடுத்தல். கேட்டதை ஊரறியச் செய்யாதிருத்தல். நம்மால் இயலாதபோது தக்க மருத்துவரிடம் சேர்ப்பித்தல். பள்ளி மாணவருக்கு 14417 என்ற எண்ணை அரசு 2018-இல் அளித்தது. மனநல உதவிக்கான 14416 என்ற எண் 2022-இல் வந்தது.

எண்கள் உதவும், ஆயினும் பிள்ளையின் வாடிய முகத்தை முதலில் காண்பவர் நாமே. ஆகவே பெற்றோரே, ஆசிரியரே, இளைஞரே, இந்த யூபிலி ஆண்டில் ஒரு தீர்மானம் செய்வோம்: மதிப்பெண் பட்டியலை வாங்குமுன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்போம். நாமும் அவ்வாறே செய்ய முயல்வோம். நல்லாயனாம் இயேசு நம் பிள்ளைகளை வழிநடத்துவாராக!